முன்பாரம் பார்த்து ஏற்றுங்கள்: சின்ன கேம்பிங் ட்ரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு

இரண்டு பேர் படுக்க ஒரு பெட்டி, பின்கதவைத் தூக்கினால் அடுப்படி, அடியில் ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம். கண்ணீர்த்துளி வடிவ ட்ரெய்லர் என்றால் பெரும்பாலும் 400 முதல் 800 கிலோவுக்குள் அடங்கும். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம் என்கிற ஃபைபர்கிளாஸ் முட்டை வகை அதைவிடக் கொஞ்சம் கனம். கூடாரத்துக்கும் மோட்டார்ஹோமுக்கும் நடுவில் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது.

இதன் சுகம் நுணுக்கமானது. கொட்டும் மழையில் போய்ச் சேர்ந்தாலும் படுக்கை காய்ந்தே இருக்கும். இரவு பத்து மணிக்கு இடம் சேர்ந்தால் பத்தரைக்குள் தூங்கிவிடலாம். மறுநாள் ட்ரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டுக் காரை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றலாம். வீடும் வண்டியும் ஒன்றாக இருக்கிற மோட்டார்ஹோமில் இது நடக்காது. சமதரையில் இரண்டு பேர் கையாலேயே தள்ளி மரத்தடிக்கு நகர்த்தலாம். பாத்திரம், போர்வை, டார்ச் எல்லாம் அதிலேயே நிரந்தரமாகக் கிடப்பதால், கிளம்ப வேண்டுமென்று தோன்றினால் துணியும் சாப்பாட்டுச் சாமானும் எடுத்து வைத்தால் போதும்.

இவ்வளவும் அது சின்னது என்பதால் கிடைப்பவை. அதையே முழு வீடாக மாற்றப் பார்த்தால், மேலே கூடாரப் பெட்டி, பக்கத்தில் ஆனிங் என்கிற பெரிய துணிப் பந்தல், பின்னால் நான்கு சைக்கிள் என்று ஒவ்வொன்றாக ஏறி, கடைசியில் இழுக்கவும் கனம், நிறுத்தவும் இடமில்லை என்று வந்து நிற்கும்.

வாங்கும்போது விளம்பரத்தாளில் இருக்கும் எடையை நம்பிக் கார் தேர்ந்தெடுக்காதீர்கள். அது வெறும் பெட்டியின் எடை. பேட்டரி, கேஸ் சிலிண்டர், தண்ணீர், மெத்தை, பாத்திரம், நாற்காலி எல்லாம் சேர்ந்தால் 150 முதல் 200 கிலோ சாதாரணமாக ஏறிவிடும். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. 60 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் ஒரு பெரிய ஆளையே கூடவே இழுத்துப் போகிறீர்கள். இப்படி நிறைந்த எடை, கார் இழுக்கலாம் என்று கையேடு சொல்லும் எடையில் முக்கால் பங்குக்குள் நின்றால் மலைப்பாதையிலும் எஞ்சின் திணறாது. பலர் மறப்பது இன்னொன்று: ட்ரெய்லரின் மூக்கு, காரின் பின்னால் இருக்கும் இழுவை இணைப்பான ஹிட்ச்சில் அழுத்தும் எடை, கார் சுமக்கும் எடைக் கணக்கிலும் சேரும். நான்கு பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறிய காரில் மேற்கொண்டு 80 கிலோவுக்கு இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த மூக்கு எடைதான் எல்லாவற்றுக்கும் தலையானது. மாட்டுவண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்களே, அதேதான். பின்பாரம் கூடினால் வண்டியின் முன்பக்கம் தூக்கும். ட்ரெய்லரிலோ அது வேகத்தில் வாலாட்டத் தொடங்கும். லாரி ஒன்று முந்திப் போகும்போது வரும் காற்று முதல் அசைவைக் கொடுக்கும். அச்சுக்குப் பின்னால் இருக்கும் கனம் அந்த அசைவை அடக்காமல் பெருக்கும். இரண்டு மூன்று ஆட்டத்திலேயே காரின் பின்பக்கத்தை இழுத்துவிடும். பெரிய ட்ரெய்லர்களை இழுக்கும் வட அமெரிக்கப் பழக்கப்படி மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும். ஐரோப்பியக் கார்களில் ஹிட்ச் தாங்கும் அளவு பொதுவாகக் குறைவு, அதனால் அங்கே ஐந்தாறு சதவீதத்தோடு குறைந்த வேகத்தில் ஓட்டுகிறார்கள். எந்த வழக்கமானாலும் ஹிட்ச்சில் பொறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

அளக்கக் குளியலறைத் தராசே போதும். ட்ரெய்லரை முழுக்க ஏற்றிச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுங்கள். தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கப்ளரை, அதாவது ஹிட்ச் பந்தைக் கவ்வும் மூக்கு முனையை, அதன் மேல் இறக்குங்கள். காரில் மாட்டும்போது இருக்கும் உயரத்திலேயே கப்ளர் நிற்க வேண்டும். மூக்கு தாழ்ந்தால் கணக்கு மாறும். தராசு தாங்காது என்று தோன்றினால் ஒரு பலகையை எடுத்து, ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையைத் தராசின் மேலும் வையுங்கள். செங்கல்லிலிருந்து ஒரு பங்கு, தராசிலிருந்து இரண்டு பங்கு தூரத்தில் கப்ளர் பலகையில் உட்காரட்டும். வெறும் பலகைக்குத் தராசு காட்டிய எடையை முதலில் கழித்துவிட்டு, மீதியை மூன்றால் பெருக்கினால் மூக்கு எடை.

குறைவாக வந்தால் கனமான சாமானை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள். பின் அடுப்படியில் டின்களும் வார்ப்பிரும்புச் சட்டியும் அடுக்குவதுதான் கண்ணீர்த்துளி ட்ரெய்லரின் நிரந்தர வியாதி. தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

அப்படியும் வாலாட்டினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டவும் வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், அசைவுக்கு எதிராகத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டாம். ட்ரெய்லரில் மின்சாரப் பிரேக் இருந்தால் அதன் கைக் கட்டுப்பாட்டை மட்டும் மெல்ல அழுத்தலாம். அடங்கியதும் ஓரம் கட்டிச் சுமையை மாற்றி அடுக்குங்கள். ஒரு தடவை ஆடியது அதே வேகத்தில் மறுபடியும் ஆடும்.

மாட்டும் இடத்தில் ஹிட்ச்சின் மேல் இருக்கும் பந்தின் அளவைப் பாருங்கள். 50 மி.மீ. பந்தும் 2 அங்குலப் பந்தும் ஒன்றல்ல. 2 அங்குலம் என்றால் 50.8 மி.மீ. 2 அங்குலக் கப்ளரில் 50 மி.மீ. பந்து லொடலொடக்கும், பள்ளத்தில் துள்ளும்போது கழன்றும் போகலாம். அளவு இரண்டிலும் பொறித்திருக்கும். பூட்டிய பிறகு ட்ரெய்லர் மூக்கில் இருக்கும் முன்ஜாக்கியைச் சுற்றி மூக்கை இரண்டு அங்குலம் தூக்குங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு விழுந்திருக்கிறது. கப்ளர் மட்டும் எழும்பினால் பந்தின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம். பாதுகாப்புச் சங்கிலிகளை மூக்குக்கு அடியில் குறுக்காக மாட்டினால், கப்ளர் கழன்றாலும் தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். பிரேக் உள்ள ட்ரெய்லரில், அது கழன்றால் தானாகப் பிரேக் போடும் பிரேக்அவே கம்பியைச் சங்கிலியோடு சேர்த்து மாட்டாமல், தனியாகக் காரின் சட்டத்தில் மாட்ட வேண்டும்.

விளக்குகள் விசித்திரமாக நடந்துகொண்டால், அதாவது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கு மினுக்கினால், பல்பை மாற்றக் கிளம்பாதீர்கள். பத்தில் எட்டு தடவை எர்த் கோளாறுதான். எர்த் கம்பி சட்டத்தோடு சேரும் திருகைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி இறுக்கிக் கொஞ்சம் கிரீஸ் பூசினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது பேரிங். பயணத்தைப் பாதியில் நிறுத்துவது எஞ்சினை விட இதுதான் அதிகம், ஏனென்றால் மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும் சக்கரத்தின் பேரிங்கில் ஈரம் இறங்கித் துரு பிடிக்கும். கிரீஸ் வைக்கும் வகை பேரிங் என்றால் வருடத்துக்கு ஒருமுறை, அல்லது 15,000 முதல் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது கழற்றி, பழைய கிரீஸை முழுக்கக் கழுவி, புதிதாக அடைத்து, சீலையும், நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னையும் மாற்றுங்கள். ஆற்றில், கடல் மணலில் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) முங்கியிருந்தால் வருடக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், வீடு வந்ததும் கழற்றிவிடுங்கள். வழியில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டு ஹப்பின் சூட்டையும் ஒப்பிடுங்கள். இளஞ்சூடு இயல்பு. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அங்கே பேரிங் அல்லது பிரேக் இறுகுகிறது. சுட்டுப் பார்க்கும் துப்பாக்கி வடிவ வெப்பமானி இருந்தால் கை சுடாது.

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு 80 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ஸ்பானரால் மறுபடி பார்க்க வேண்டும். டயர் தேயும் முன்பே கிழடாகிவிடும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியதை, டயரின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், மாற்றிவிடுவது நல்லது. காற்றழுத்தத்தைக் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள்.

பின்னால் எடுப்பதில் சின்ன ட்ரெய்லர் பெரியதைவிடக் கஷ்டம். மூக்கிலிருந்து அச்சு வரை நீளம் குறைவு என்பதால் ஸ்டியரிங்கைத் தொட்டதும் மடங்கும். பல கார்களில் கண்ணாடியில் தெரியவே தெரியாது. தெரிய ஆரம்பிக்கும்போது ஏற்கெனவே மடங்கியிருக்கும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கை போகட்டும். கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். கோணிப் போனால் முன்னால் எடுத்து நேராக்கி மறுபடி முயலுங்கள். வெட்கமே வேண்டாம், கழற்றிக் கையால் தள்ளியும் விடலாம்.

இடம் சேர்ந்ததும் வரிசை முக்கியம். முதலில் பக்கவாட்டு மட்டம்: தாழ்ந்த சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றி ரசமட்டம் பாருங்கள். பிறகு இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. அதன் பிறகுதான் காரிலிருந்து கழற்றல். கடைசியில் முன்ஜாக்கியால் முன்பின் மட்டம். முட்டுக்கட்டைக்கு முன் கழற்றினால் சரிவில் உருண்டுவிடும். மூலைகளில் இறக்கும் கால்கள் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. அவற்றால் வண்டியைத் தூக்கினால் சட்டம் வளையும், கதவு மூடாது.

மின்சாரக் கணக்கு எளிது. 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 30 முதல் 50 ஆம்பியர்-மணி (பேட்டரிக் கொள்ளளவை அளக்கும் அலகு) எடுக்கும், வெயில் ஏற ஏறக் கூடும். மின்விசிறி எட்டு மணி நேரத்துக்கு 8 முதல் 10. எல்இடி விளக்கும் இரண்டு போனும் சேர்ந்து ஐந்துக்குள். 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிதான் பயன்படுத்தலாம், அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும். ஆக ஒரே நாள் தாங்கும். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஏறக்குறைய இரண்டு நாள் வரும், எடையும் பாதிக்குக் குறைவு. ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. 100 வாட் சோலார் பலகை நல்ல வெயிலில் 30 ஆம்பியர்-மணி கொடுக்கும்; நிழலில் நிறுத்தினால் அதுவும் இல்லை. நிழல் வேண்டுமா சார்ஜ் வேண்டுமா என்கிற சண்டை தீர, கூரையில் பதிக்காமல் நீள ஒயரோடு தரையில் வைக்கும் பலகையை வாங்குவதே மேல். கேஸ், வீட்டு மின்சாரம், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் மூவகை ஃப்ரிட்ஜை 12 வோல்ட்டில் விட்டுவிட்டு நிறுத்தத்தில் சாப்பிடப் போனால், அது பத்து ஆம்பியருக்கு மேல் குடித்துச் சாயங்காலத்துக்குள் பேட்டரியைக் காலி செய்துவிடும்.

மூடிய பெட்டிக்குள் இரண்டு பேர் இரவெல்லாம் மூச்சு விட்டால் காலையில் சுவர் வியர்த்திருக்கும், மெத்தையின் அடிப்பக்கம் நனைந்திருக்கும். கூரைத் துவாரத்தை இரண்டு விரல் அளவு, எதிர்ப்பக்க ஜன்னலையும் அதே அளவு திறந்து வையுங்கள், குளிரிலும்கூட. மெத்தைக்கு அடியில் காற்றுப் போகும்படி சட்டமோ வலைப்பாயோ போடுங்கள். குளிர் காயப் படுக்கைப் பெட்டிக்குள் அடுப்பையோ கரியையோ கொளுத்தவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் தலைமாட்டருகே, கேஸ் கசிவு அலாரம் தரையருகே. புரோபேன் காற்றைவிடக் கனம், கீழே தேங்கும். குளிர்ப் பிரதேசத்துக்குப் பியூட்டேன் சிலிண்டர் உதவாது, பூஜ்ஜியத்துக்குக் கிட்டேயே அது ஆவியாவதை நிறுத்திவிடும்.

ட்ரெய்லரைக் கொல்வது மழை. 1968-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் உருவான போலர் போன்ற ஃபைபர்கிளாஸ் முட்டைகள் இன்றும் ஓடுவதற்குக் காரணம், மேல் ஓடு, கீழ் ஓடு என்று இரண்டே துண்டு, மூட்டுகள் குறைவு. மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்த வகையில் ஒவ்வொரு மூட்டும் ஒரு வாய். வருடத்துக்கு இரண்டு முறை கூரை மூட்டு, ஜன்னல் விளிம்பு, விளக்குகளின் பின்புறம் எல்லாவற்றையும் பாருங்கள். வெடித்த பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். சிலிகான் வேண்டாம்: அது போன இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது. ஜன்னலுக்குப் பியூட்டைல் டேப், கூரைக்கு அதற்கென்றே வரும் சீலன்ட். பழையதை வாங்கப் போகிறவர்கள் தரையின் மூலைகளைக் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே மரம் அழுகியிருக்கிறது.

தண்ணீர்த் தொட்டியைப் பருவத் தொடக்கத்தில் கழுவ, வாசனை சேர்க்காத வீட்டு பிளீச் லிட்டருக்கு ஒரு மி.லி. கலந்து, குழாயிலும் அந்த வாடை வரும்வரை ஓட விட்டு, நான்கு மணி நேரம் வைத்திருந்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். உறையும் குளிரில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் தொட்டி, பம்ப், குழாய் எல்லாம் காலியாக வேண்டும். உறைதடுப்புத் திரவம் விடுவதானால் குடிநீர்க் குழாய்க்கென்று வரும் புரோப்பிலீன் கிளைகால் வகை மட்டுமே. ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் விஷம்.

நீண்ட நாள் நிறுத்தும்போது கேஸ் வால்வை மூடி, லெட்-ஆசிட் பேட்டரி என்றால் முழுக்கச் சார்ஜ் செய்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் தார்ப்பாய் போர்த்தினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், மூச்சு விடும் துணி உறைதான் வேண்டும். ஃப்ரிட்ஜைத் துடைத்துக் காயவைத்து, கதவு தானாக மூடிக்கொள்ளாதபடி இடையில் ஒரு துண்டை மடித்துச் செருகி வையுங்கள்.