அஞ்சடியில் அம்மாவோடு

அம்மாவுக்கு முட்டி வலி. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது படிகளைத்தான்.

மலேசியாவின் பினாங்கில் லிட்டில் இந்தியா கடைகளின் முன்னால் கூரையோடு ஒரு நடைபாதை ஓடுகிறது. மலாய் மொழியில் காக்கி லீமா; நம் ஆட்களுக்கு அஞ்சடி. 1822இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டம், கடைவீடுகள் முன்னால் வராந்தா விட்டு அதை நடைவழியாகத் திறந்தே வைக்கச் சொன்னது. பினாங்கிலும் அதே கட்டுமானம்தான். வெயிலுக்கும் திடீர் மழைக்கும் இவ்வளவு தோதான ஏற்பாடு சென்னையில் எங்கே இருக்கிறது?

ஆனால் அது தொடர்ந்து ஓடினால்தானே! ஒரு கடையின் தரை சிமெண்ட், அடுத்த கடையில் வழுக்கும் டைல்ஸ், நடுவே ஒரு சாண் உயர வித்தியாசம். அதைத் தாண்டினால் எவர்சில்வர் குடங்கள், அப்புறம் பூ வாளி, அப்புறம் நிறுத்தி வைத்த பைக். அம்மா ஏறினார், இறங்கினார், கடைசியில் ரோட்டுக்கே போய்விட்டார்.

“பாத்துப் போங்கம்மா, மோட்டர் வருது” என்றார் பூக்கட்டும் அக்கா. இங்கே மோட்டர் என்றால் பைக்.

ரோட்டைக் கடக்கும்போது அம்மா பழக்கதோஷத்தில் கையைக் காட்டினார். சென்னையில் அந்தக் கைதான் சிக்னல். அது எப்போதும் காப்பாற்றுவதில்லை என்பது வேறு விஷயம்: 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். இங்கே கார் மரியாதையாக நின்றது. நின்ற காரின் இடது ஓரமாக ஒரு மோட்டர் சர்ரென்று வந்தது. அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். மலேசியாவில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டரில் போகிறவர்கள்தான். அந்தப் பையன் மேல் கோபம்கூட வரவில்லை.

போன வாரம் சிங்கப்பூரில் சித்தி தன் முதியோர் அட்டையைச் சிக்னல் கம்பத்தில் தட்டினார்; பச்சை மனிதன் கூடுதலாகச் சில விநாடி நின்றான். 2009இலிருந்தே இருக்கிறதாம். அதேசமயம் கடக்கும் இடத்துக்கு 50 மீட்டருக்குள் வேறெங்காவது குறுக்கே போனால் அபராதம். அம்மாவுக்கு அந்த ஊர் ‘ரொம்ப ஸ்ட்ரிக்ட்’.

மறுநாள் அம்மா கேட்டதும் பூக்கார அக்கா சிரித்துக்கொண்டே வாளியை உள்ளே நகர்த்தினார். கோயிலுக்குப் போய்த் திரும்பினால் வாளி பழைய இடத்தில். அம்மா இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு மறுபடியும் ரோட்டில் இறங்கினார்.