ஒத்திகைக்கும் கூலி உண்டு

நாடகம் நடக்கிற நாளுக்குச் சம்பளம் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒத்திகைக்குக் கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் புதிதாக எழுதி இசையமைத்த பாட்டு நாடகங்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற சின்னக் குழு எங்களுடையது. நான்கு பாடகர்கள், ஐந்து வாத்தியங்கள். தேதி பேசுவது, கணக்கு பார்ப்பது, மேடை ஓரம் நின்று அடுத்தவருக்குக் கை காட்டுவது எல்லாம் என் வேலை.

இந்தச் சின்ன அளவு நாங்கள் கண்டுபிடித்ததல்ல. போர் முடிந்து பணமுடை இருந்த 1946இல் ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 8 பாடகர்கள், 13 வாத்தியக்காரர்களை மட்டும் வைத்து ஓர் ஓபரா, அதாவது மேல்நாட்டுப் பாட்டு நாடகம், எழுதினார். சின்னக் குழுவுக்கான சேம்பர் ஓபரா என்றால் பலரும் முதலில் சொல்வது அதைத்தான். ஆள் குறைந்தால் ஒவ்வொரு குரலும் தனித்துக் கேட்கும், பயணமும் கட்டுப்படியாகும். ஆனால் ஒத்திகை மட்டும் குறையாது. கூட்டத்தோடு ஒளிந்து பாட அங்கே இடமில்லை.

கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவர் நேராகவே கேட்டார்: “அண்ணாச்சி, ஸ்பெஷல் நாடகக்காரங்க சாயங்காலம் வந்து எறங்குதாவ, ராத்திரி பூரா ஆடிட்டுப் போறாவ. ஒங்களுக்கு மட்டும் எதுக்கு ஒத்திகைக் காசு?” நியாயமான கேள்விதான். ஸ்பெஷல் நாடகத்தில் கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், கதாநாயகியான ஸ்திரீபார்ட் வேறு ஊர், மேடையில்தான் சந்திப்பார்கள். அது சாத்தியமானதற்குக் காரணம் உண்டு. தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலமானது 1922இல். அவருடைய வள்ளி திருமணத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பாடி, ஒத்திகையை எல்லோருக்கும் பொதுவாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். புது நாடகத்துக்கு அந்தச் சேமிப்பு கிடையாது.

எங்கள் பீடி நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் போனால் திண்ணைதோறும் மடியில் முறத்தோடு பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இலையை அளவுத் தகட்டின் மேல் வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்ட வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. முதல் காட்சிக்கு மிருதங்கம் கிடையாது. மூன்று கத்தரிக்கோல்கள்தான் தாளம். வெட்டுகிற ஓசையும் இலையைத் திருப்பும்போது வருகிற இடைவெளியும் சேர்ந்து ஐந்தைந்தாக எண்ணுகிற கண்ட நடை. பாடகிகள் நிஜமாகவே இலை வெட்டப் பழகினார்கள். வெட்டுவது போல நடித்தால் இடைவெளி பிசகிவிடும்.

அதைவிடப் பெரிய பாடு சுருதி. கச்சேரியில் ஆளுக்கு ஒரு சுருதி, அதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்; ஆணுக்கு ஒரு கட்டை, பெண்ணுக்கு ஐந்து கட்டை என்று சுகமாகப் போகும். ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டிப் பாடுகிற சண்டையில் சுருதிப்பெட்டியை மாற்றிக்கொண்டா இருக்க முடியும்? அந்தக் கால நாடகப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பா மாதிரி உச்சத்தில் நின்று பாட எல்லோராலும் ஆகாது. ஒரு கட்டையை ‘ஸ’ என்று வைத்தால் ஐந்து கட்டை அதன் ‘ப’, அதாவது பஞ்சமம் அல்லவா? எங்கள் இசையமைப்பாளர் அதைப் பிடித்துக்கொண்டார். பீடிக்கடைக் கணக்கர் மோகன ராகத்தில் பாடுகிறார். அந்த மோகனத்தின் பஞ்சமத்தையே ஷட்ஜமாக, அதாவது ‘ஸ’வாக, வைத்தால் அதே ஐந்து ஸ்வரங்கள் சுத்த சாவேரி ராகம்; பீடி சுற்றுகிற அக்கா பாடுவது அது. “இந்தக் கட்டு செல்லாது” என்று கணக்கர் தள்ளுகிற பீடிக்காக இருவரும் ஒரே ஸ்வரங்களில் சண்டை போடுகிறார்கள், ஆளுக்கு ஒரு ராகத்தில்! கேட்கும்போது எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனால் முதலில் பாடகி அடிக்கடி கணக்கருடைய ஷட்ஜத்துக்கு இழுபட்டுப் போனார். தன் ஆதாரத்தை விடாமல் நிற்க மனசுக்கும் தொண்டைக்கும் நாள் பிடிக்கும். அந்த நாள்களுக்குத்தான் நான் காசு கேட்கிறேன்.

எங்கள் வயலின்காரருக்குக் கல்யாண வீடுகள்தான் பிழைப்பு. ஒத்திகைக்கு ஒரு நாள் வந்தால் ஒரு முகூர்த்தம் போய்விடும். அதனால் முகூர்த்தம் இல்லாத புரட்டாசியிலும் மார்கழியிலும் ஒத்திகை வைத்தோம். கலை ஆர்வத்துக்காக வரட்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆர்வம் இருப்பதால்தான் வருகிறார். அவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும்.

ஊர்க்காரர்கள் பக்கம் குறையே இல்லை. சித்திரை வெயிலில் திசையன்விளையில், குரல் கேட்க வேண்டுமே என்று மின்விசிறியை நிறுத்தச் சொன்னோம். பனையோலை விசிறியை வீசிக்கொண்டு கடைசி வரை இருந்தார்கள். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள். பாட்டில் கதை வந்தால் அவர்களுக்குப் புதிதில்லை.

இப்போது நான் கொடுக்கிற விலைச்சீட்டில் ஒத்திகைக்கென்று ஒரு தொகை தனியாக எழுதியிருக்கும். சிலர் அதைப் பார்த்ததும் தேதியை விட்டுவிடுகிறார்கள், சரி. சிலர் கேள்வி கேட்டு, பதிலைக் கேட்டு, கொடுக்கிறார்கள். அடுத்தது உப்பளம் பற்றிய நாடகம். ஒத்திகைப் பணத்தில் பாதி முன்பணமாக வந்துவிட்டதால், முதல்முறையாக முகூர்த்த மாதமான தையிலேயே தொடங்குகிறோம். வயலின்காரர் அந்த நாள்களுக்கு வேறு யாருக்கும் தேதி கொடுக்கவில்லை.