நாலு விரற்கடை தூரம்: நீளக் கைக்காரரோடு மறுபடி மோதும்போது

ரீச் என்றால் தோளிலிருந்து விரல் நுனிவரை உள்ள நீளம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கம்பிவலைக் கூண்டுக்குள் குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து நடக்கும் எம்எம்ஏ-வில் அளப்பது அப்படி இல்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, இந்தக் கையின் நடுவிரல் நுனியிலிருந்து அந்தக் கையின் நடுவிரல் நுனிவரை அளப்பார்கள். நெஞ்சின் அகலமும் அதில் சேர்ந்துவிடும். எம்எம்ஏ வீரர் இஸ்ரேல் அடேசான்யாவின் ரீச் 80 அங்குலம், அவரோடு இருமுறை மோதிய ராபர்ட் விட்டேக்கருடையது 73.5. வித்தியாசம் ஆறரை அங்குலம். தோள் அகலம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் ஒரு கைக்கு மூன்றேகால் அங்குலம்தான் கூடுதல். ஏறக்குறைய 8 சென்டிமீட்டர், அதாவது நாலு விரற்கடை.

இந்தக் கணக்கைப் பயிற்சியின் முதல் நாளிலேயே வீரரிடம் சொல்லிவிடுவது நல்லது. "அவன் கை எட்டாத இடமே இல்லை" என்று முதல் தோல்விக்குப் பிறகு மனதில் ஊறிப்போன பயம், அளவு தெரிந்ததும் பாதி குறையும். மீதிப் பயத்துக்குக் காரணம் கை அல்ல. நெட்டையான ஆள் இடுப்பிலிருந்து பின்னால் சாய்ந்தால் தலை ஓர் அடி விலகிப்போகும், பாதங்கள் நின்ற இடத்திலேயே இருக்கும். அடி காற்றில் போனதும் அதே இடத்திலிருந்து அவரால் திருப்பி அடிக்க முடியும். நாலு விரற்கடை ஓர் அடியாக வளர்வது இப்படித்தான்.

2019 அக்டோபர் 6 அன்று மெல்பர்னில் இருவரும் முதன்முறை மோதிய யுஎஃப்சி 243-இல் (யுஎஃப்சி என்பது எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் நிறுவனம்) இதைத் தெளிவாகப் பார்க்கலாம். விட்டேக்கர் அப்போது சாம்பியன். தொலைவிலிருந்து ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்து இரண்டு மூன்று குத்துகளைக் கொட்டுவது அவருடைய வழக்கம். பலரிடம் பலித்த வழக்கம். அடேசான்யாவோ சாய்ந்து சாய்ந்து அந்தக் குத்துகளைத் தாண்டவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். முதல் ரவுண்டின் முடிவிலேயே விட்டேக்கர் ஒருமுறை விழுந்தார். இரண்டாவது ரவுண்டில் 3 நிமிடம் 33-ஆவது விநாடியில் ஆட்டம் முடிந்தது. பாய்ச்சலில் உள்ள கோளாறு எளிமையானது: கால் தரையில் இல்லாத நேரத்தில் திசை மாற்ற முடியாது. எங்கே வந்து இறங்கப்போகிறீர்கள் என்பது எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அவர் அந்த இடத்தில் கையை வைத்தால் போதும், நம் வேகமே நம்மை அடித்துவிடும்.

மறுமோதல் 2022 பிப்ரவரி 12, ஹூஸ்டன், யுஎஃப்சி 271. இம்முறை பாய்ச்சல் குறைந்திருந்தது. ஜாப் (முன்னால் நிற்கும் கையால் சட்டென்று போடும் நேர்க்குத்து), போக்குக் காட்டுதல், டேக்டவுன் (எதிராளியைத் தரையில் தள்ளுவது) என்று வேறு விதமான ஆட்டம். பத்து டேக்டவுன் முயற்சிகளில் நாலு பலித்தன. ஐந்து ரவுண்டும் ஓடி, மூன்று நடுவர்களின் புள்ளிகளில் 48-47, 48-47, 49-46 என்று அடேசான்யாவே வென்றார். தோல்விதான். ஆனாலும் நீளக் கையோடு மறுபடி மோதப் போகிறவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டிய ஆட்டம் இது. எதைத் திருத்தலாம், திருத்திய பிறகும் எது மிச்சம் நிற்கும் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன.

நுழைவிலிருந்து தொடங்குவோம். கபடியில் பாடிப் போகிறவர் காட்டுகிற போக்குதான் இங்கேயும் முதல் ஆயுதம். முன்காலை அரை அடி வைத்து எடுப்பது, முழங்காலை மடித்துக் காலைப் பிடிக்கப்போவதுபோல் தாழ்வது, தோளை மட்டும் அசைப்பது. இவற்றின் நோக்கம் எதிராளியை ஏமாற்றுவது மட்டுமல்ல, அவரிடம் கேள்வி கேட்பதும்கூட. தோளை அசைத்தால் பின்வாங்குகிறாரா, ஜாப் போடுகிறாரா, காலைத் தூக்குகிறாரா? முதல் இரண்டு நிமிடத்தில் இந்தப் பதில் கார்னரில், அதாவது கூண்டோரம், இருக்கும் பயிற்சியாளர்களுக்குக் கிடைத்துவிட வேண்டும். ஜாப் போடுகிற ஆள் என்றால் அந்த ஜாப் திரும்பிப் போகும்போது கூடவே உள்ளே போகவேண்டும். நீளமான கை போய்த் திரும்பக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த நேரம்தான் கதவு. பின்வாங்குகிற ஆள் என்றால் அவசரமே வேண்டாம். அவர் முதுகு கூண்டில் படும்வரை நடந்தால் போதும்.

தலையை ஜாபுக்கு வெளியே நகர்த்தும்போது முன்காலும் அதே கணத்தில் முன்னே போகவேண்டும். புதியவர்களில் பெரும்பாலோர் தலையை மட்டும் நகர்த்துவார்கள். ஜாப் தப்பிவிடும், ஆனால் நிற்பது அதே தூரத்தில். அடுத்த ஜாபும் வரும், அதற்கடுத்ததும் வரும், மூன்றாவதோடு வலது கையும் சேர்ந்து வரும். நாலு அவுன்ஸ் கிளவுஸ், அதாவது சுமார் 113 கிராம், குத்துச்சண்டை கிளவுஸ்போல் முகத்தை மறைக்காது. கைகளைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்பது இங்கே செல்லாது. 16 அவுன்ஸ் கிளவுஸில் மட்டும் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்துவிட்டுப் போகிறவர்கள் இதை ஆட்டத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

தலையைத் தேடுவதைவிட உடம்பைத் தேடுவது லாபம். நெட்டை ஆள் சாயும்போது தலைதான் விலகுகிறது, விலா அங்கேயே இருக்கிறது. ஜாபை நெஞ்சுக்குழியில் போடலாம். அதற்கு முழங்காலை மடித்துத் தாழவேண்டும், இடுப்பை மட்டும் வளைத்தால் முகம் நேராக எதிராளியின் முழங்காலுக்குத்தான் போகும். கெண்டைக்கால் உதையும் அப்படியே. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கமாக எலும்பையொட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. அங்கே நாலைந்து உதை சரியாக விழுந்தால் பாதத்தைத் தூக்கி வைப்பதே சிரமமாகிவிடும். பின்வாங்க முடியாத நெட்டையர் பாதி நெட்டையர்தான். ஆபத்தும் உண்டு: உதைக்கும்போது நாம் ஒற்றைக்காலில் நிற்கிறோம், அந்த நேரத்தில் நேர்க்குத்து வந்தால் தாங்கிக்கொள்ள அடித்தளம் இல்லை. அதனால் வெறும் உதை கூடாது. கையால் கண்ணை மறைத்துவிட்டு, அல்லது அவர் ஜாப் முடிந்த கணத்தில். அவர் முழங்காலை வெளியே திருப்பித் கணைக்கால் எலும்பால் தடுக்கத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். நம் காலே உடையலாம்.

கைகளைக் கையால் தட்டி, பிடித்து, அமுக்கிக்கொண்டு முன்னேறுவது இன்னொரு வழி. டேனியல் கார்மியரின் வழி. அவர் ரீச் 72.5 அங்குலம், ஸ்டீபே மியோசிச்சுடையது 80. 2018 ஜூலையில் நடந்த முதல் ஆட்டத்தில் முதல் ரவுண்டிலேயே கார்மியர் முடித்துவிட்டார். ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து நிற்கும் கிளின்ச்சிலிருந்து பிரிகிற நொடியில் போட்ட வலது கைக் குத்து அது. பிரியும்போது நீளக் கைக்காரர் தன் தூரம் திரும்பிவிட்டது என்று ஒரு மூச்சு விடுவார், அந்த மூச்சில் அடிக்கவேண்டும். குட்டைக் கைக்காரர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

ஆனால் அவர்களுடைய மறுமோதல் 2019 ஆகஸ்ட் 17, அனாஹைம், யுஎஃப்சி 241. தொடக்கத்தில் மீண்டும் கார்மியரின் கைதான் ஓங்கியிருந்தது. முதல் ரவுண்டில் மியோசிச்சைத் தூக்கியே போட்டார். நாலாவது ரவுண்டில் மியோசிச் இடது ஹுக்கை (கையை வளைத்துப் போடும் குத்தை) விலாவுக்குப் போடத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மறுபடி, மறுபடி. எதிராளியின் கைகளைப் பிடிக்க நம் கைகளை நீட்டினால் முழங்கை விலாவை விட்டு விலகுகிறது. ரீச்சைச் சமாளித்த அதே பழக்கம் விலாவைத் திறந்து வைத்தது. அந்த ரவுண்டின் 4 நிமிடம் 9-ஆவது விநாடியில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. மறுமோதலில் நாம் மட்டும் வீடியோ பார்ப்பதில்லை. முதல் ஆட்டத்தில் பலித்ததைத்தான் எதிராளி முதலில் படித்திருப்பார், அல்லது கார்மியருக்கு நேர்ந்ததுபோல் ஆட்டத்தின் நடுவிலேயே படித்துவிடுவார். கையைத் தட்டி முன்னேறுவதானால் ஒரு கை நீளும்போது மற்ற முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நீளக்கூடாது. இன்னொன்று: விரித்த விரல்களை எதிராளி முகத்தை நோக்கி நீட்டுவது 2017 முதல் பொது விதிகளில் தவறு. விரல்களை மடக்கியோ, உள்ளங்கையைக் கீழே பார்த்தோ வைத்துப் பழக்காவிட்டால் ஒரு புள்ளியே போய்விடலாம். இறுக்கமான ஐந்து ரவுண்டில் ஒரு புள்ளி என்பது ஒரு ரவுண்டுக்குச் சமம்.

டேக்டவுன் பற்றி நீளமாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாரும் முதலில் சொல்கிற யோசனை அதுதான்: "அவனைக் கீழே தள்ளு." கூண்டின் நடுவில், தொலைவிலிருந்து காலுக்குப் பாய்ந்தால் அதுவும் பழைய பாய்ச்சல்தான், கொஞ்சம் தாழ்வாக. நெட்டையர் இடுப்பைப் பின்னால் எறிந்து மேலே படுத்துவிடுவார், இல்லையென்றால் முழங்கால் வரும். ஜாபுக்குப் பின்னால் மறைந்துதான் போகவேண்டும். அதைவிடக் கூண்டோரம் மேல். அவர் முதுகு வலையில் பட்டதும் காதை அவர் நெஞ்சில் ஒட்டி, கைகளை அவர் தொடைக்குப் பின்னால், பிட்டத்துக்குச் சற்றுக் கீழே கோத்து, முழங்கால்களைச் சேர்த்து இழுத்துப் பக்கவாட்டில் திருப்பவேண்டும். அவர் கால்களை அகட்டி நின்றால் இரண்டையும் கட்ட முடியாது. ஒற்றைக்காலுக்கு மாறி, தொடையை விட்டுக் கணுக்காலைப் பிடிக்கவேண்டும். நீளமான காலைத் தொடையில் பிடித்துக்கொண்டிருந்தால் அவர் நொண்டிக்கொண்டே நிற்பார், நம் கைதான் ஓயும்.

கீழே தள்ளிய பிறகுதான் உண்மையான வேலை. ஹூஸ்டனில் விட்டேக்கருக்கு நாலு டேக்டவுன் கிடைத்தும், நெடுநேரம் கீழே வைத்திருக்க முடியவில்லை. அடேசான்யா வலைக்கு முதுகைக் கொடுத்து ஒரு கையை ஊன்றி எழுந்தார். ஊன்றப்போகிற மணிக்கட்டைப் பிடித்து அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகாவிட்டால் நெட்டை ஆள் எழுந்தே தீருவார். அவருக்குத் தரை அருகில்தானே இருக்கிறது, கை எட்டும். அடி விழாத, எந்த விளைவும் இல்லாத டேக்டவுனுக்கு நடுவர்களும் பெரிதாக எதுவும் தருவதில்லை. ஐந்து தடவை தள்ளி ஐந்து தடவை எழவிடுவதைவிட, ஒரே தடவை தள்ளி ஒன்றரை நிமிடம் வைத்திருந்து அடிப்பது மேல். தள்ளுகிறவர் செலவழிக்கிற சக்தி தள்ளப்படுகிறவர் செலவழிப்பதைவிட அதிகம் என்பதையும் மறக்கவேண்டாம்.

அழுத்தம் என்ற சொல்லையும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது ஓடிப்போவதல்ல, நடந்துபோவது. 2023 செப்டம்பரில் சிட்னியில் ஷான் ஸ்ட்ரிக்லண்ட் அடேசான்யாவை வென்றது அப்படித்தான். சின்னச் சின்ன அடிகள், உயர்த்திய தோளுக்குப் பின்னால் தாடை, ஜாப், நெஞ்சை நோக்கிய நேருதை, மறுபடி ஓர் அடி. பாய்ச்சலே இல்லாததால் சாய்ந்து தாண்டவிட ஒன்றும் கிடைக்கவில்லை. ஸ்ட்ரிக்லண்டின் ரீச் 76 என்பதால் அவருடைய வேலை விட்டேக்கருடையதைவிடச் சுலபம் என்பதும் உண்மைதான். கூண்டின் அளவும் இதில் கணக்கு. யுஎஃப்சியின் பெரிய கூண்டு குறுக்காக 30 அடி, சின்னது 25. குறைவது 5 அடிதான் என்று தோன்றும், பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. கட்டையான ஆளுக்குச் சின்னக் கூண்டில் ஆட்டம் கிடைத்தால் பாதி நடை மிச்சம்.

பயிற்சியில் நெட்டை ஆள் கிடைப்பதில்லை என்பது எல்லா ஜிம்மிலும் உள்ள குறை. எடை கூடிய நெட்டையரைப் பிடித்துப்போடுவார்கள். அவர் அடியின் கனம் தூரத்தைப் பற்றிய பாடத்தை மறைத்துவிடும். எடை ஒத்த, நீளமான, மெதுவான ஆள் போதும். அவரும் இல்லையென்றால் நீச்சல் பழகும் குழந்தைகளுக்கான நுரைக்குழாயை வெட்டி, நம் குத்துகளை வாங்கிக்கொள்ளும் பேட் பிடிப்பவர் கையில் கொடுத்து ஜாப் போடச் சொல்லலாம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தூரம் பழகிவிடும். தரையில் இரண்டு டேப் ஒட்டவேண்டும்: ஒன்று அவர் கை எட்டும் எல்லை, ஒன்று நம் கை எட்டும் எல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் குற்றம். அங்கே ஒரு விநாடிக்கு மேல் நின்றால் பேட் பிடிப்பவர் முகத்தில் தட்டவேண்டும். டேப்புக்கு வெளியே நிற்கலாம், உள்ளே நிற்கலாம். நடுவில் கடக்க மட்டும்தான் உரிமை.

கார்னருக்கு ரவுண்டுகளுக்கு இடையில் கிடைப்பது ஒரு நிமிடம். உட்கார, மூச்சு வாங்க, காயம் கவனிக்கும் கட்மேன் முகத்தைப் பார்க்க என்று போனால் பேச மிஞ்சுவது அரை நிமிடம். அதில் ஒன்று சொல்லலாம், மிஞ்சினால் இரண்டு. "தூரத்தைக் குறை" என்பது கட்டளை அல்ல, விருப்பம். "அவன் ஜாப் திரும்பும்போது நெஞ்சில் ஜாப், அப்புறம் இடது பக்கம்" என்பது கட்டளை.

அந்த "அப்புறம் இடது பக்கம்" என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நுழைவதற்கு எட்டு வாரம் பழகுவார்கள், வெளியேறுவதற்கு ஒரு நாள்கூட இல்லை. அடித்துவிட்டு நேராகப் பின்னால் போனால், டேப்புகளுக்கு நடுவிலுள்ள அதே இடத்தை முகத்தைக் காட்டிக்கொண்டே கடக்கிறோம். நீளக் கைக்கு அதைவிட வசதியான இலக்கு கிடையாது. வெளியேற மூன்று வழிதான்: கட்டிப்பிடித்து வலைக்குத் தள்ளுவது, அவருடைய முன்காலுக்கு வெளிப்பக்கமாக விலகுவது, குனிந்து அவர் அக்குளுக்குக் கீழே உருண்டு மறுபக்கம் வருவது. களைப்பில் முதலில் மறந்துபோவதும் இதுதான். அதனால் வெளியேறும் பயிற்சியை நாளின் தொடக்கத்தில், கால் புதிதாக இருக்கும்போது வைப்பதில் அர்த்தமில்லை. மூன்று ரவுண்டு ஸ்பாரிங் முடிந்து, நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது, நாலாவது ரவுண்டாக வைக்கவேண்டும்: ஒவ்வொரு நுழைவுக்கும் ஒரே குத்து, வெளியேற்றம் மட்டும் சரியாக. நேராகப் பின்வாங்கினால் கடிகாரம் திரும்ப ஐந்து நிமிடத்திலிருந்து.