எடி வெடர் தனியாகப் பாடியபோது

ராக் இசைக்குழு ஒன்றின் பாடகர் தன் குழுவை விலக்கிவிட்டுத் தனியாக ஓர் ஆல்பம் வெளியிட்டால், அதைக் கேட்டு முடித்ததும் 'குழுவும் உடன் இருந்திருக்கலாமே' என்ற எண்ணமே பெரும்பாலும் எனக்கு எழும். 2007-ஆம் ஆண்டு 'இன்டூ த வைல்ட்' திரைப்படத்துக்காக எடி வெடர் உருவாக்கிய ஆல்பத்தைக் கேட்கையில் மட்டும் அந்த எண்ணம் எழுவதே இல்லை. 11 பாடல்கள், ஏறத்தாழ 33 நிமிடங்கள். இவ்வளவு சிறிய தொகுப்பு என்னை இத்தனை ஆண்டுகளாக விடாமல் பிடித்து வைத்திருப்பதன் காரணத்தை இங்கே எழுத முயல்கிறேன்.

வெடர் பாடகராக இருக்கும், சியாட்டிலின் பேர்ள் ஜாம் ராக் குழுவை அறிந்தவர்களுக்கு வெடரின் குரல் எத்தகையது என்பது தெரியும். 1991-இல் வெளியாகி அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற 'டென்' ஆல்பத்தில், இரண்டு மின்கிட்டார்களும் டிரம்ஸும் எழுப்பும் பேரோசையை மீறி எழுந்தாக வேண்டிய கட்டாயம் அந்தக் கனத்த குரலுக்கு இருந்தது. ஷான் பென் இயக்கிய இந்தப் படத்திலோ அதற்குக் கிடைத்த வேலை முற்றிலும் வேறு. படத்தின் நாயகன் பெரும்பகுதி நேரம் தனியாகவே இருப்பவன். அவன் வாய்விட்டுச் சொல்லாததைப் பாடல்கள் சொல்ல வேண்டும். கூட்டத்தை நோக்கிப் பாடிப் பழகிய ஒருவர், ஒரே ஒருவனின் மனத்துக்குள் இருந்து பாட வேண்டியிருந்தது.

அந்த ஒருவன் கிறிஸ்டோபர் மெக்கேண்ட்லெஸ். 1990-இல் எமரி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றதும், தன்னிடம் இருந்த சுமார் 24,000 டாலரை ஆக்ஸ்ஃபாம் தொண்டு அமைப்புக்கு வழங்கிவிட்டு, காரைக் கைவிட்டு, கையில் மிஞ்சிய பணத்தையும் எரித்துவிட்டு, ஊர் ஊராக அலைந்த இளைஞன். 1992 ஏப்ரலில் அலாஸ்காவின் காட்டுக்குள் தனியாக நடந்தான்; அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த 142 என்ற எண் கொண்ட பழைய பேருந்தில் தங்கினான்; அதே ஆண்டு செப்டம்பரில் அந்தப் பேருந்துக்குள் அவனுடைய உடல் கண்டெடுக்கப்பட்டது. ஜான் க்ராகவர் 1996-இல் எழுதிய நூலே படத்துக்கு மூலம்.

இந்தக் கதைக்கு வெடர்தான் பாட வேண்டும் என்பதற்கு, குரலைக் காட்டிலும் ஆழமான ஒரு காரணம் இருப்பதாக நான் கருதுகிறேன். தன் தந்தை முதல் மனைவியுடனான உறவை முறித்துக்கொள்ளாமலேயே இன்னொரு குடும்பத்தை நடத்தியிருந்தார் என்பதையும், தன் பிள்ளைப் பருவம் அந்த மறைப்பின் மீதே கட்டப்பட்டிருந்தது என்பதையும் மெக்கேண்ட்லெஸ் பள்ளிப் படிப்பை முடித்த பிறகே கண்டறிந்தான். வெடரோ தான் தந்தை என்று நம்பி வளர்ந்தவர் உண்மையில் மாற்றாந்தந்தை என்பதைப் பதின்ம வயதில்தான் அறிந்தார். பெற்ற தந்தை அதற்குள் இறந்துபோயிருந்தார். பேர்ள் ஜாமின் தொடக்ககாலப் பாடலான 'அலைவ்' அந்தக் காயத்திலிருந்து பிறந்தது. பின்னர் வெடர் தாய்வழிக் குடும்பப் பெயரைத் தனதாக்கிக்கொண்டார். மெக்கேண்ட்லெஸும் வீட்டார் வைத்த பெயரைத் துறந்து, அலெக்ஸாண்டர் சூப்பர்டிராம்ப் என்று தனக்குத் தானே பெயரிட்டுக்கொண்டான். இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால், வெடர் அந்த இளைஞனுக்காக இரங்கிப் பாடவில்லை, அவன் இடத்தில் நின்றே பாடுகிறார் என்பது விளங்கும்.

பாடல்களின் அளவிலேயே இது தெரிகிறது. 'செட்டிங் ஃபோர்த்', 'நோ சீலிங்' ஆகிய முதல் இரண்டு பாடல்களும் இரண்டு நிமிடங்களைக்கூட எட்டுவதில்லை. வழக்கமான ராக் பாடலில் பல்லவி மூன்றாம் முறை திரும்பி வந்து உச்சத்தைத் தொடும் இடம் ஒன்று உண்டு. இங்கே அந்த இடத்துக்கு முன்பாகவே பாடல் முடிந்துவிடுகிறது. நடந்துகொண்டிருப்பவனின் மனத்தில் ஓர் எண்ணம் தோன்றி, வளர்வதற்குள் அடுத்த எண்ணத்துக்கு வழிவிடுவது போன்றது அது. 'ரைஸ்' பாடலில் வெடரின் குரலுக்கு மாண்டலின் துணையே போதுமானதாக இருக்கிறது. அதன் மெல்லிய தந்தி ஒலியும் அடிவயிற்றிலிருந்து எழும் அந்தக் குரலும் ஒன்றுக்கொன்று இடம் கொடுப்பதைக் கவனித்துக் கேளுங்கள். 'த வுல்ஃப்' பாடலில் சொற்களே இல்லை; ஒன்றரை நிமிடம் நீளும் வெறும் குரலோசை. யோசெமிட்டி பகுதியின் டுவாலமியைப் பெயராகக் கொண்ட ஒரு நிமிடத் துண்டிலோ கிட்டார் மட்டுமே ஒலிக்கிறது. பெரும்பாலான பாடல்களில் கருவிகளையும் வெடரே வாசித்திருக்கிறார்; ஆடம் காஸ்பருடன் சேர்ந்து தயாரித்தவரும் அவர்தான். முழு ஆல்பமும் மின்கருவிகள் இல்லாத அக்கூஸ்டிக் இசை என்று சொல்லிவிட முடியாது. 'ஃபார் பிஹைண்ட்' போன்றவற்றில் டிரம்ஸும் மின்கிட்டாரும் உண்டு. ஆனால் அவையும் பாடகருக்கு ஓரடி பின்னால்தான் நிற்கின்றன.

ஆல்பத்தின் புகழ்பெற்ற இரண்டு பாடல்கள் வெடர் எழுதியவை அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'ஹார்ட் சன்' கனடாவின் கோர்டன் பீட்டர்சன், இண்டியோ என்ற பெயரில் 1989-இல் வெளியிட்டது. வெடரின் வடிவத்தில் ஸ்லீட்டர்-கின்னி குழுவின் கோரின் டக்கர் உடன் பாடுகிறார். 'சொசைட்டி' ஜெர்ரி ஹானனின் பாடல்; பதிவில் அவரும் கிட்டார் வாசித்திருக்கிறார். 'ஹார்ட் சன்' எனக்குப் பிடித்த பாடலே என்றாலும், ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீண்டு பெரும் ஓசையாக விரிகையில், மற்றப் பாடல்கள் கட்டியெழுப்பிய தனிமை கொஞ்சம் கலைந்துபோகிறது. 'சொசைட்டி' அப்படியல்ல. வேறொருவர் எழுதிய பாடல் படத்தின் நாயகனுக்கென்றே எழுதப்பட்டது போல் பொருந்திப்போவதை அதில் காண்கிறேன்.

ஷான் பென் நடித்த ஒரு படத்துக்கு வெடர் பாடியது இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 1995-இல் வெளிவந்த 'டெட் மேன் வாக்கிங்' படத்துக்காக அவர் நுஸ்ரத் ஃபதே அலி கானுடன் இணைந்து பாடினார். கவ்வாலி மேதையின் அருகில் அமர்ந்து தன் குரலை அடக்கி ஒலிக்கவிட்ட அந்த அனுபவம் இந்த ஆல்பத்தின் நிதானத்துக்கு ஒரு பயிற்சியாக அமைந்திருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும். இது என் ஊகம் மட்டுமே.

படமும் பாடல்களும் ஓர் இளைஞனின் ஆயத்தமின்மையை வீரமாக்கிவிட்டன என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கவலையை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். பேருந்தைக் காணச் சென்ற பயணிகளில் இருவர், 2010-இலும் 2019-இலும், வழியிலுள்ள டெக்லானிகா ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். 2020 ஜூனில் அந்தப் பேருந்தையே ஹெலிகாப்டரில் தூக்கி அப்புறப்படுத்தினார்கள். ஆயினும் 'கேரன்டீட்' பாடலை அருகிருந்து கேட்டவர் எவரும் அதைக் காட்டுக்கு வா என்ற அழைப்பாகக் கொள்ள மாட்டார் என்றே நம்புகிறேன். விரல்களால் மீட்டிய கிட்டாரோடு, ஒருவன் தன் வாழ்க்கைக்குத் தானே கணக்குச் சொல்லும் தொனியில் அமைந்த பாடல் அது. சொற்கள் முடிந்து நீண்ட இடைவெளி விட்டு, அதே மெட்டை வெடர் வாய்மூடி முனகும் பகுதியும் அந்தத் தடத்தில் உண்டு. 2008-ஆம் ஆண்டின் கோல்டன் குளோப் விருது அந்தப் பாடலுக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் வெடர் முதன்முறையாகக் குழு இல்லாமல் தனியாகச் சுற்றுப்பயணம் சென்றார். 2011-இல் உகுலேலி என்ற சிறு கருவியை மட்டுமே நம்பி இன்னொரு தனி ஆல்பத்தையும் வெளியிட்டார். அதில் கூச்சமின்றி ஒலிக்கும் தனிக்குரலுக்கு வழி திறந்தது இந்தப் படப்பாடல்கள்தான் என்பது என் கருத்து.