பெர்லின் டியர்கார்ட்டன்: ராஜா காலத்து தோட்டம், நேத்து வெச்ச மரம்

பெர்லின்ல பிராண்டன்பர்க் கேட்டைத் தாண்டி மேற்க நடந்தா உடனே டியர்கார்ட்டன் தான். ஊருக்கு நட்ட நடுவுல 210 ஹெக்டேர்! உள்ள கொஞ்சம் போனதுமே வண்டிச் சத்தம் அடங்கிடுது, ரெண்டு பக்கமும் ஓக்கும் லிண்டனும் வானத்தை மறைச்சுட்டு நிக்குது, பாக்குற யாரும் ராஜா காலத்து மரம்னு தான் சொல்வாங்க. தோட்டம் என்னவோ ராஜா காலத்துது தான், 1527ல வேட்டைக்காடா ஆரம்பிச்சது, 1830கள்ல லென்னேங்கிற தோட்டக் கலைஞர் வளைஞ்சு வளைஞ்சு போற பாதையெல்லாம் போட்டாரு. ஆனா மரங்கள்ல பெரும்பாலானது எங்க தாத்தாவை விட வயசுல சின்னது.

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் குளிர்காலத்துக்கு நிலக்கரி இல்ல. ஜனங்க என்ன பண்ணுவாங்க, குண்டுக்குத் தப்பின மரத்தையும் வெட்டி அடுப்புல போட்டுட்டாங்க. ரெண்டு லட்சம் மரம் இருந்த எடத்துல சுமார் 700 தான் மிச்சமாம். மொட்டை நிலத்துல உருளைக்கிழங்கு போட்டாங்க, உள்ள இருக்கிற ஏரிகளை இடிஞ்ச கட்டடத்து கல்லு மண்ணு கொட்டி மூடிடலாம்னு கூட ஒரு பிளான் இருந்திருக்கு, நல்லவேளை அது நடக்கல. 1949 மார்ச்சுல மேயர் எர்ன்ஸ்ட் ராய்ட்டர் மொத லிண்டன் கன்னை நட்டாரு பாருங்க, அப்ப மேற்கு பெர்லினுக்குப் போற தரைவழியையெல்லாம் சோவியத் அடைச்சு வெச்ச முற்றுகை இன்னும் முடியல, மாவும் கரியும் பிளேன்ல வந்து எறங்கிட்டு இருந்த நேரம்! அந்த நெலமையில மரம் நடணும்னு தோணினதே பெரிய விஷயம். அப்புறம் மத்த ஜெர்மன் ஊர்கள்ல இருந்தும் கன்னுங்க வந்துச்சு.

தோட்டத்துக்கு நடுவுல, பிரஷ்யா ராஜ்ஜியம் போர்கள்ல ஜெயிச்சதுக்கு நினைவா வெச்ச வெற்றித்தூண் நிக்குது, ரவுண்டானாவுக்கு அடியில போற சுரங்கப்பாதை வழியா தான் போகணும். எல்லாரும் 285 படி ஏறி போட்டோ எடுக்க ஓடுறாங்க, நான் சொல்றது கீழ நின்னு அடிபீடத்தைப் பாருங்க. வெண்கலச் சிற்பத்துல சில பேருக்குத் தலையே இல்ல, கல்லுல அங்கங்க தோட்டா பட்ட குழி, விரல் வெச்சா உள்ள போகுது. ஒட்டுப்போட்டு மறைக்காம அப்படியே விட்டிருக்கிறது எனக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு.

சாயங்காலம் ஆயிடுச்சுன்னா டியர்கார்ட்டன் ஸ்டேஷன் பக்கம் வாங்க, பல ஊர்ல இருந்து கொண்டாந்து நட்ட பழைய கேஸ் விளக்குங்க வரிசையா இருக்கும், டிக்கெட்டெல்லாம் கெடையாது. அப்புறம் ஒண்ணு, நல்ல வெயில் நாள்ல சில புல்வெளியில ஆளுங்க ஒட்டுத்துணி இல்லாம படுத்திருப்பாங்க, அங்க யாரும் கண்டுக்கிறதில்ல, கூட அம்மா அப்பா வந்திருந்தா வேற பாதையில கூட்டிட்டுப் போயிடுங்க.