பச்சை அம்புக்குறியும் கறுப்புத் திரையும்

நண்பருக்கு எந்தக் கோளாறு வந்தாலும் கைகண்ட மருந்து ஒன்றுதான்: மறுபடி நிறுவுதல். இந்த முறை அவருடைய மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி, இவருடையதில் டெபியன் லினக்ஸ்) பகிர்வுக் கோப்புறை, அதாவது வெளிக்கணினியோடு பகிர்ந்துகொள்ளும் கோப்புறை, திறக்க மறுத்திருக்கிறது. 'அனுமதி இல்லை' என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறது. வேறு எவராக இருந்தாலும் யாருக்கு அனுமதி இல்லை, ஏன் இல்லை என்று விசாரித்திருப்பார்கள். இவர் நேரே இயங்குதளத்தின் கருவான கர்னலில் கைவைத்து, புதியது ஒன்றை நிறுவிவிட்டார்.

"கொஞ்சம் வந்து பாருங்களேன். ஓடுகிறது என்று காட்டுகிறது, ஆனால் ஓடவில்லை" என்று அழைத்தார்.

சொன்னது சரிதான். மேலாண்மைச் சாளரத்தில் கணினியின் பெயருக்குக் கீழே பச்சை அம்புக்குறி. 'இயங்குகிறது' என்ற நற்சான்றிதழ். பக்கத்துச் சாளரத்தில் கறுப்புத் திரை. அதன் அடிப்பகுதியில் 'கர்னல் பேனிக்' (கர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுவிட்டது), கூடவே 'அன்னோன் பிளாக் (0,0)'. வெளியிலிருக்கும் மென்பொருளுக்கு மெய்நிகர்ச் செயலி சுழன்றுகொண்டிருந்தால் போதும். உள்ளே குடியிருப்பவர் மூர்ச்சையாகிக் கிடப்பது அதன் கணக்கில் வராது.

எனக்கு அந்த (0,0) மீது தனி மரியாதை உண்டு. வட்டைத் திறக்க முடியவில்லை என்றுகூட அது சொல்லவில்லை. வட்டு என்று ஒன்றையே நான் பார்க்கவில்லை என்கிறது. சொல்கிற கர்னல் சற்றுமுன் அதே வட்டிலிருந்துதான் ஏற்றப்பட்டது! ஏற்றியது கிரப் என்ற தொடக்க நிரல், அது கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸின் உதவியோடு வட்டைப் படித்துக்கொள்கிறது. கர்னல் பொறுப்பேற்றதும் வட்டைப் படிக்கச் சொந்தமாக இயக்கி நிரல் வேண்டும். டெபியனில் அந்த இயக்கி பெரும்பாலும் தனி மாட்யூலாக (துணைக் கோப்பாக) அதே வட்டில் இருக்கிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் அந்த இயக்கியைச் சுமந்த இனிட்ராம்எஃப்எஸ் என்ற கோப்பைக் கர்னலோடு சேர்த்து நினைவகத்தில் ஏற்றுகிறார்கள். இங்கே அது வந்து சேரவில்லை.

"ஸ்னாப்ஷாட், அதாவது கணினியின் பழைய நிலையின் நகல், இருக்கிறதா?"

"இருந்தது. இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிட்டேன்."

சரி, பழைய கர்னல் இருக்குமே, கிரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்றேன். கணினி வேகமாகத் தொடங்க வேண்டும் என்று அந்த மெனுவையும் மறைத்து வைத்திருந்தார். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் அது தலைகாட்டும். ஆனால் மறுதொடக்கம் கொடுக்க மெனுப்பட்டைக்குப் போக வேண்டும். போனால் விசைப்பலகை மெய்நிகர் கணினியின் பிடியிலிருந்து நழுவிவிடும். திரும்பிச் சாளரத்துக்குள் சொடுக்குவதற்குள் பேனிக் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் அவர் எலியைப் பிடிக்க, நான் ஷிஃப்டை அழுத்த, இருவரும் ஒரே விசைப்பலகையின் மேல் கவிழ்ந்துகொண்டு மெனுவைப் பிடித்தோம்.

பழைய கர்னல் முனகாமல் எழுந்தது. வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் 'டிஎஃப்' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், கர்னல்களை வைக்கும் 'பூட்' வட்டுப் பிரிவு 100 சதவீதம் நிரம்பி வழிகிறது. நிறுவித் தள்ளிய கர்னல்கள் எல்லாம் அங்கே கூட்டுக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. கடைசியாக வந்த கர்னலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதைவிடப் பெரிய அதன் இனிட்ராம்எஃப்எஸுக்குக் கிடைக்கவில்லை.

"நிறுவும்போது பிழை எதுவும் வரவில்லையா?"

"ஏதோ வந்தது. உடனே கிரப்பின் பட்டியலைப் புதுப்பித்துவிட்டேன்."

இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத கர்னலையே முதல் தேர்வாகக் கிரப் எழுதிக்கொண்ட மர்மம் அத்தோடு விலகியது.

தேவையற்ற பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) தானாக நீக்கும் கட்டளை அந்தக் கர்னல்களைத் தொடவே இல்லை. ஒவ்வொன்றையும் அவரே பெயர் சொல்லி நிறுவியிருந்தார். உரிமையாளர் விரும்பி அழைத்த விருந்தாளிகளை டெபியன் வெளியே தள்ளுவதில்லை. ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கினோம். உற்சாகத்தில் நண்பர், அப்போது ஓடிக்கொண்டிருந்த கர்னலின் பெயரையே தட்டிவிட்டார். நல்லவேளை, 'இப்போது ஓடுவதையே நீக்கப் பார்க்கிறீர்கள், கைவிடலாமா?' என்று டெபியன் கேட்டது. நான் கேட்டிருந்தால் இவ்வளவு பணிவாகக் கேட்டிருக்க மாட்டேன்.

இடம் கிடைத்ததும் புதிய கர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கி, கிரப்பை மறுபடி புதுப்பித்தோம். கிரப் கண்டெடுத்த லினக்ஸ் கர்னல் கோப்பு ஒவ்வொன்றின் கீழும் அதன் இனிட்ஆர்டி கோப்பு (இனிட்ராம்எஃப்எஸுக்கு அங்கே அந்தப் பெயர்) வரியாக வர வேண்டும். இந்த முறை எல்லாம் சோடியாக வந்தன. கணினியும் ஒழுங்காகத் தொடங்கியது.

பகிர்வுக் கோப்புறை? இன்னமும் 'அனுமதி இல்லை'. அந்தக் கோப்புறையைத் திறக்கும் உரிமையுள்ள பயனர் குழுவில் நண்பரின் பெயர் இல்லை. ஒரே வரிக் கட்டளையில் சேர்த்துவிட்டு, "ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள், போதும்" என்றேன்.

"எதற்கு வம்பு, இன்னொரு முறை சுத்தமாக நிறுவி..." என்று அவர் தொடங்கியதும் விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.