சர்வர் சாவி பென்டிரைவில்: இதுவரை செய்து பார்த்தது

வீட்டில் ஓடும் சர்வர் ஒரு பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்தான். சின்ன எஸ்எஸ்டியில் டெபியன் 12 என்ற லினக்ஸ், கூடவே 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு. குடும்பப் படங்கள், ஆதார், பான் ஸ்கேன், வீட்டுப் பத்திர நகல் எல்லாம் அதில்தான். வாரன்டி முடியாத டிஸ்க் ஒன்று டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்தபோது, பழையதைக் கொடுத்தால் புதிது தருவதாகச் சொன்னார்கள். கொடுக்க மனசு வரவில்லை. பாதி செத்த டிஸ்கை முழுசாக அழிக்கவும் வழியில்லை. அதை அலமாரியில் போட்டுவிட்டு, காசு கொடுத்தே புதிது வாங்கினேன். வாங்கியதும் முதல் வேலையாக என்க்ரிப்ஷனில், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி டிஸ்கைப் பூட்டுவதில் இறங்கினேன். அந்தச் சாவியைப் பென்டிரைவில் வைத்த கதைதான் இது. எனக்குப் பயம் உளவாளிகளைப் பற்றி இல்லை. திருட்டு, ரிப்பேர் கடை, பழைய சாமான் வியாபாரி, இவ்வளவுதான்.

லினக்ஸில் டிஸ்கைப் பூட்ட லக்ஸ் என்ற முறை இருக்கிறது. டேட்டாவைப் பூட்டும் அசல் சாவி, தானும் பூட்டப்பட்ட நிலையில் டிஸ்கின் ஹெட்டரிலேயே, அதாவது அதன் தொடக்கப் பகுதியிலேயே உட்கார்ந்திருக்கும். நாம் தரும் பாஸ்வேர்டோ சாவிக் கோப்போ அந்த அசல் சாவியை வெளியே எடுக்க மட்டும்தான். பாஸ்வேர்டுக்கோ சாவிக் கோப்புக்கோ ஆளுக்கொரு இடம், அதுதான் ஸ்லாட். லக்ஸின் இரண்டாம் பதிப்பான லக்ஸ்2-இல் இப்படி 32 ஸ்லாட் வரை வைத்துக்கொள்ளலாம். என் ஏற்பாட்டில் முதல் ஸ்லாட்டில் நீளமான பாஸ்வேர்டு, அடுத்த இரண்டில் பென்டிரைவுக்கு ஒன்றாகச் சாவிக் கோப்பு. இரண்டு பென்டிரைவுக்கும் ஒரே சாவியை வைக்காமல் தனித்தனியாக வைத்தது வேண்டுமென்றேதான். ஒன்று தொலைந்தால் அந்த ஸ்லாட்டை மட்டும் கொன்றுவிடலாம், மற்றது பாட்டுக்கு வேலை செய்யும்.

பென்டிரைவ் திறப்பது எஸ்எஸ்டியை மட்டும். ஹார்ட் டிஸ்குகளின் சாவிக் கோப்புகள் அந்த எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கின்றன. எஸ்எஸ்டி திறந்துகொண்டால் மற்றவை தானாகத் திறக்கும். டிஸ்கை மட்டும் கழற்றிக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு வெறும் குப்பைதான் தெரியும்.

சாவிக் கோப்பின் அளவில்தான் கொஞ்சம் யோசித்தேன். இணையத்தில் பார்க்கும் வழிகாட்டிகள் பலவும் 4096 பைட் என்கின்றன. லக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் ஏஇஎஸ் எக்ஸ்டிஎஸ் என்ற பூட்டும் முறையில் அசல் சாவியே 512 பிட், அதாவது 64 பைட்தான். அதைத் திறக்கும் சாவி அதைவிடப் பெரிதாக இருந்து என்ன லாபம்? 64 பைட்டில் ஒரு வசதியும் உண்டு, காகிதத்தில் அடிக்கலாம். 0 முதல் 9, a முதல் f மட்டும் வரும் ஹெக்ஸில் எழுதினால் 128 எழுத்து, வரிக்கு 16 வீதம் 8 வரி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் எல்லாம் கலந்து வரும் பேஸ்64 இன்னும் சுருக்கம்தான். ஆனால் சைபரா ஓ-வா, ஒன்றா சின்ன எல்-ஆ (l) என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும். 4096 பைட் என்றால் ஒரு க்யூஆர் கோடில்கூட அடங்காது, அதன் உச்சமே 2953 பைட்.

கோப்பை உருவாக்கியது டிஎம்பிஎஃப்எஸ்ஸில், அதாவது ராமிலேயே இருக்கும் தற்காலிகக் கோப்பு இடத்தில். அங்கிருந்து நேராகப் பென்டிரைவுக்கு, நடுவில் எந்த டிஸ்கையும் தொடவில்லை. ஃபிளாஷில் ஒரு கோப்பின் மேல் திரும்ப எழுதினாலும், உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் புதியதை வேறு பிளாக்கில் எழுதிவிட்டுப் பழையதை அப்படியே விட்டு வைக்கலாம். அதனால் ஒருமுறை சாவி ஏறிய பென்டிரைவ் கடைசிவரை சாவிக்குத்தான். படம் ஏற்றித் தருகிறேன் என்று யாருக்கும் கொடுப்பதில்லை.

ஃபார்மேட் ஃபேட்32. லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 போட்டிருந்தால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் வீட்டில் யாராவது அதை விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால் உடனே ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும், யாராவது சரி என்று அழுத்தியும் விடுவார்கள். ஃபேட்32-க்காக, டிஸ்க் திறக்கும் முன்பே ஓடும் குட்டி பூட் சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் விஃபேட், கோட்பேஜ் 437 போன்ற மாட்யூல்களைச் சேர்த்து அதைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பூட் ஆகும்போது சாவியைத் தேட டெபியனிலேயே பாஸ்டெவ் என்ற ஸ்கிரிப்ட் வருகிறது. பென்டிரைவ் இல்லையென்றால் பாஸ்வேர்டு கேட்கவும் வேண்டும் என்பதால் நானே சின்னதாக ஒன்று எழுதிக்கொண்டேன். குறிப்பிட்ட லேபிள் உள்ள டிரைவ் வருகிறதா என்று நொடிக்கொரு தடவை பார்க்கும். யுஎஸ்பி எழுந்து வரச் சில நொடி ஆகும் என்பதால் இந்தப் பொறுமை அவசியம். கிடைத்ததும் எழுத முடியாதபடி மவுன்ட் செய்து (சிஸ்டத்தோடு இணைத்து), படித்து, உடனே அன்மவுன்ட். அரை நிமிடத்தில் வரவில்லையென்றால் பாஸ்வேர்டு கேட்கும். எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: ஸ்கிரிப்ட்டின் வழக்கமான வெளியீடான ஸ்டான்டர்ட் அவுட்புட்டில் போவதெல்லாம் சாவியாகவே எடுத்துக்கொள்ளப்படும். "தேடுகிறேன்" என்று காட்ட ஒரு எக்கோ கட்டளை போட்டால் அதுவும் சாவியோடு ஒட்டிக்கொள்ளும், பூட்டு திறக்காது. செய்தியெல்லாம் ஸ்டான்டர்ட் எரர் என்ற தனி வெளியீட்டுக்கு.

இத்தனையும் செய்து பென்டிரைவைச் சர்வரிலேயே விட்டுவைத்தால் எல்லாம் வீண், கதவைப் பூட்டி சாவியைப் பூட்டிலேயே விட்ட மாதிரி. சர்வர் எழுந்த பிறகு அது தேவையும் இல்லை, சாவி கெர்னலின் நினைவில் இருக்கிறது. ஆனால் கரன்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்து, நான் ஊரில் இல்லாத நேரம் செருகி எடுக்கப்போவது அம்மா. சர்வருக்கு மானிட்டரும் கிடையாது. அதனால் பூட் முடிந்ததும் பென்டிரைவ் செருகியே இருந்தால், கேஸுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் நிமிடத்துக்கு ஒருமுறை பீப் அடிக்கும்படி ஒரு டைமர் வைத்தேன். முதல் தடவை போன் வந்தது. "என்னடா இது, கத்திக்கிட்டே இருக்கு?" "அதைப் புடுங்கிட்டு பீரோல வச்சிடும்மா, அடங்கிடும்." இப்போது பீப் கேட்டாலே எடுத்துவிடுகிறார்.

இரண்டாவது பென்டிரைவ் தம்பி வீட்டில். அதில் சாவி வெறுமனே இல்லை, கோப்புகளைப் பூட்டும் ஜிபிஜி என்ற மென்பொருளில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறது. அதோடு லக்ஸ் ஹெட்டரின் நகலும் உண்டு. லக்ஸ்2-இல் ஹெட்டர் பகுதி வழக்கமாக 16 எம்பி. அது கெட்டுப்போனால் கையில் எத்தனை சாவி இருந்தாலும் பயனில்லை. இந்த நகலில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒரு ஸ்லாட்டைக் கொன்ற பிறகும் பழைய ஹெட்டர் நகலில் அந்த ஸ்லாட் உயிரோடுதான் இருக்கும். தொலைந்த பென்டிரைவும் பழைய நகலும் டிஸ்கும் ஒரே ஆள் கையில் சேர்ந்தால் கதை முடிந்தது. அதனால் ஸ்லாட்டில் கைவைத்தால் நகலையும் புதிதாக எடுத்துவிட வேண்டும், பழையது எங்கும் இருக்கக் கூடாது. நகல் யார் கைக்காவது போயிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் மொத்த டிஸ்கையும் ரீஎன்க்ரிப்ட் செய்வதுதான், அதாவது புது அசல் சாவியால் மறுபடி பூட்டுவதுதான் வழி.

அலமாரியில் வருடக்கணக்கில் கிடக்கும் ஃபிளாஷ் மெல்ல மெல்ல மறந்துபோகும் என்பதால் தீபாவளிக்கும் சித்திரைக்கும் சோதனை. லக்ஸைக் கையாளும் கிரிப்ட்செட்டப் கட்டளையில் டெஸ்ட்-பாஸ்ஃப்ரேஸ் என்ற ஆப்ஷன் இருக்கிறது. டிஸ்கைத் திறக்காமலேயே சாவி பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். பொருந்தினால் ஒரு வார்த்தையும் சொல்லாது, கட்டளை முடியும்போது தரும் எண்ணான எக்ஸிட் கோட் சைபராக இருந்தால் சரி. காகிதத்தில் இருந்த 8 வரியையும் கையால் தட்டி, எக்ஸ்எக்ஸ்டி என்ற கட்டளையால் பைனரியாக மாற்றி இதே சோதனையை ஓட்டினேன். பொருந்தியது.

மிச்சம் இரண்டு. பூட் பார்ட்டிஷன் இன்னும் பூட்டாமல் இருக்கிறது, வீட்டுக்குள் நுழைந்து இனிட்ராம்எஃப்எஸ்ஸை மாற்றி வைக்கும் அளவுக்கு ஒருவர் மெனக்கெட்டால் மாட்டிக்கொள்வேன். அதை இப்போதைக்கு விட்டுவிட்டேன். அம்மாவும் ஊரில் இல்லாத நாட்களுக்கு டிராப்பேர் என்ற சின்ன மென்பொருளைப் போட்டு, தூரத்திலிருந்தே எஸ்எஸ்எச் இணைப்பு வழியாக பாஸ்வேர்டு கொடுக்க முடிகிறதா என்று அடுத்து பார்க்க வேண்டும்.